பத்து நாளைக்கு மேல் எந்த ஒழுங்கும் நிற்பதில்லை, நீங்கள் எப்படி நிற்க வைத்தீர்கள்?

பாமணிக்கரை:

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம், வயது 41. சிங்கப்பூரில் பதினொரு வருடம் வேலை பார்த்துவிட்டு 2022-இல் ஊரோடு வந்துவிட்டேன். வீடு கட்டியாகிவிட்டது, பெரிய கடன் எதுவும் இல்லை. அப்பா விட்டுப்போன பன்னிரண்டு மா (சுமார் நாலு ஏக்கர்) நிலத்தை நான்தான் பார்க்கிறேன், டவுனில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் பங்கு இருக்கிறது. அம்மா, மனைவி, இரண்டு பையன்கள் எல்லோரும் ஒரே வீட்டில். உனக்கென்னப்பா குறை என்று ஊரில் கேட்கிறார்கள்.

குறை என்று எதையும் சுட்டிக்காட்டத் தெரியவில்லை. அங்கே இருந்தபோது மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் என்னென்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டபடியே தூங்குவேன். அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை கேட்க வேண்டும், ஒரு மாவிலாவது அப்பா போட்டது போல மாப்பிள்ளைச் சம்பா போட வேண்டும், பையன்களுக்கு ஆற்றில் நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டும். வந்து மூன்று வருடம் ஆகிறது. பெரியவனுக்குப் பத்து வயது, இன்னும் நீச்சல் தெரியாது. ஆறு வீட்டில் இருந்து கூப்பிடு தூரம்.

காலையில் கண் விழித்ததும் கை போனுக்குத்தான் போகிறது. அப்புறம் வயல், உரம், ஆள் தேடுவது, கடை, யாராவது ஒருவர் வீட்டு விசேஷம், சாயங்காலம் கடைத்தெரு, ராத்திரி மறுபடியும் போன். படுக்கும்போது இன்று நானாக விரும்பிச் செய்தது எது என்று யோசித்தால் ஒன்றும் தட்டுப்படுவதில்லை. அம்மாவிடம் பேசியது "சாப்பிட்டாச்சா" என்ற ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும்.

சும்மா இருந்துவிடவும் இல்லை. தை முதல் தேதி காலை ஐந்து மணிக்கு எழுவது, நடப்பது, டைரி எழுதுவது, சர்க்கரையை விடுவது எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தேன். பத்து நாள் நன்றாகப் போயிற்று. பதினோராம் நாள் அறுவடை மெஷின் ராத்திரியில் வந்தது, விடிய விடிய வயலில் நின்றேன், அதோடு சரி. போன வருடமும் இதேதான் நடந்தது.

நாமே யோசித்து, இதுதான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வாழ்வது என்கிறார்களே, அதை வருடக்கணக்கில் நிற்க வைத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எதை முதலில் செய்தீர்கள், எதை விட்டீர்கள்? வீடியோவில் பேசுகிறவர்கள் சொல்வதை எல்லாம் பார்த்துவிட்டேன், அது வேண்டாம். நம் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்.

அரசலாற்றங்கரை டீச்சர்:

தம்பி, உங்கள் பதிவில் எனக்குச் சுருக்கென்று பட்டது அந்த நீச்சல் வரிதான். மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம், அதை விடாதீர்கள்.

நான் கும்பகோணம். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்துவிட்டு 2016-இல் ஓய்வு பெற்றேன், அடுத்த வருடமே என் வீட்டுக்காரர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு ஒன்றரை வருடம் எப்படிப் போனது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாக நினைவில்லை. காலையில் டிவி போட்டால் ராத்திரி வரை ஓடும். நானும் அட்டவணை எல்லாம் எழுதி ஒட்டினேன். தியானம், தோட்டம், கோயில், நடை. பேப்பர் மட்டும் சுவரில் இருந்தது.

என்னை எழுப்பி உட்கார வைத்தது எதிர்வீட்டுக் குழந்தை. ஆறாவது படிக்கிறாள், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறாள் என்று அவள் அம்மா வந்து கேட்டாள். சரி, சாயங்காலம் ஐந்து மணிக்கு அனுப்பு என்றேன். அவள் ஐந்து மணிக்கு வருவாள் என்பதற்காக நான் நாலரைக்கு முகம் கழுவினேன், தலை வாரினேன், கூடத்தைப் பெருக்கினேன். அவளுக்கு என்ன சொல்லித் தருவது என்று மதியமே யோசித்தேன், அதனால் மதியத் தூக்கம் நின்றது, அதனால் ராத்திரி தூக்கம் வந்தது. ஒரு குழந்தை அப்புறம் நாலு குழந்தை ஆனது, இன்றைக்கும் நடக்கிறது. காசு வாங்குவதில்லை. அட்டவணையில் எழுதி வைத்தபோது வராத தோட்டமும் நடையும் இந்த ஐந்து மணியைச் சுற்றித் தானாகவே வந்து சேர்ந்தன.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் ஒரு ஆய்வு ஆரம்பித்தார்கள். கல்லூரி மாணவர்கள் 268 பேர், பாஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிப் பையன்கள் 456 பேர், மொத்தம் 724 பேரை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஐம்பது வயதில் யாருக்கு உறவுகள் நிறைவாக இருந்தனவோ அவர்கள்தான் எண்பது வயதில் உடம்பாலும் நன்றாக இருந்தார்கள் என்று அதை நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். ஐம்பது வயதுக் கொலஸ்ட்ரால் அளவைவிட இது நன்றாக முன்கூட்டிக் காட்டியதாம். படித்தபோது எனக்கு எதிர்வீட்டுக் குழந்தைதான் நினைவுக்கு வந்தாள்.

உங்கள் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஐந்து மணி, நடை, டைரி, சர்க்கரை. எல்லாம் நீங்கள் தனியாகச் செய்வது, நீங்கள் வரவில்லை என்றால் யாரும் தேட மாட்டார்கள். சிங்கப்பூரில் படுத்துக்கொண்டு போட்ட கணக்கில் அம்மா இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கணக்கு எங்கே போயிற்று?

லஸ்கர் மகள்:

டீச்சர் சொன்னது சரி. ஆனால் நேரம் எங்கே இருந்து வரும் என்பதையும் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் இன்னும் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக, அதாவது ஆறு வாய்க்கால் மடைகளைத் திறந்து மூடுகிறவராக இருந்தவர். கையில் ஒரு டார்ச், சைக்கிளில் ஷட்டர் ஏற்றி இறக்கும் கைப்பிடி, ராத்திரி இரண்டு மணிக்கும் கிளம்பிப் போவார். தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைப்பார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. சில நாள் இந்த ஆற்றுக்கு, சில நாள் அந்த ஆற்றுக்கு, அதற்குள் இந்த வாய்க்காலுக்கு அந்த வாய்க்காலுக்கு. முறை வைக்காமல் எல்லா மடையையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மேல்மடைக்காரர் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கடைமடையில் நாற்று கருகும். அப்பாவிடம் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். அவர் பார்த்த வாய்க்காலில் ஒரே ஒரு பிடிவாதம் வைத்திருந்தார், முறை வந்ததும் முதலில் மேல்மடையைக் கட்டிவிட்டு கடைசி வயலில் தண்ணீர் ஏறுகிறதா என்று நடந்து போய்ப் பார்ப்பார். ஏறின பிறகுதான் மேலே திறப்பார். மேலே இருப்பவனுக்குத் தண்ணீர் எப்படியும் போய்விடும், அவனுக்கு லஸ்கர் தேவையே இல்லை என்பார்.

எனக்கு 36 வயதில் தைராய்டு, முதுகுவலி, எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் மேல் எரிச்சல். ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் என் நாளை வாய்க்கால் மாதிரி வரைந்தேன். மேல்மடையில் மில், போன், விசேஷங்கள். நடுவில் பிள்ளைகள் டியூஷன், சமையல். கடைமடையில் என் தூக்கம், வீட்டுக்காரரோடு நிதானமாகப் பேசுவது, வேதாரண்யத்தில் இருக்கும் என் அக்கா. அக்காவோடு அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் எத்தனை முறை பேசினேன் என்று எண்ணிப் பார்த்தேன், மூன்று. மூன்றும் சாவுச் செய்தி.

அன்றைக்கு நான் புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை. மேலே இரண்டு இடத்தைக் கட்டினேன். முதலாவது விசேஷம். நம் பக்கம் ஆவணியிலும் தையிலும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று நமக்குச் சொந்தமாகக் கிடையாது. துக்க வீட்டுக்கு நானே போவேன், எவ்வளவு வேலை இருந்தாலும். நெருங்கிய கல்யாணத்துக்குப் போவேன். காதுகுத்து, புதுமனை, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் மொய் மட்டும் போய்ச்சேரும். முதல் வருடம் பேச்சு வாங்கினேன், மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வருடம் அவரே "நீ போக வேண்டாம், நான் போய்ட்டு வரேன்" என்றார்.

இரண்டாவது போன். எங்கள் கூடத்தில் தாத்தா காலத்துப் பத்தாயம் இருக்கிறது, நெல் கொட்டி வருடக்கணக்காகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் எல்லோருடைய போனும் அதன் மேல் ஏறிவிடும். எட்டி எடுக்க ஸ்டூல் போட வேண்டும். அந்த ஸ்டூலை எடுத்து வரும் நேரத்துக்குள் இது இப்போது தேவையா என்று மனசு கேட்டுவிடும், பாதி நாள் திரும்பி வந்துவிடுவேன். பிள்ளைகளும் பார்க்கிறார்கள், அதனால் ஏமாற்றவும் முடியாது.

ஒன்பதில் இருந்து பத்து, அந்த ஒரு மணி நேரம்தான் கடைமடைக்கு ஏறிய தண்ணீர். செவ்வாயும் சனியும் எட்டரை மணிக்கே அக்காவுக்குப் போன் போட்டுவிடுவேன். நாலு வருடம் ஆகிறது. நடுவில் எத்தனையோ முறை விட்டுப்போயிருக்கிறது, முறை தெரியும் என்பதால் திரும்ப வந்து பிடித்துக்கொள்ள முடிகிறது.

தஞ்சாவூர்ப் பையன்:

அண்ணா, சின்னதாக ஒன்று. பத்து நாளில் விட்டுப்போவதை வைத்து உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2009-இல் வெளியானது, எங்களுக்குப் பாடத்தில் வந்தது. ஆளுக்கு ஒரு பழக்கம், அதை தினமும் ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது மாதிரி. யோசிக்காமல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 நாளில் இருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு மண்டலம் 48 நாள் என்கிறார்களே, அதைவிடவும் கூட. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதில் இருக்கிறது. நீங்கள் மெஷின் வந்த அன்றைக்கு விட்டதில் தப்பில்லை அண்ணா, மறுநாள் ஏன் எழவில்லை என்பதுதான் பார்க்க வேண்டியது.

செவிலியர், திருவாரூர் மாவட்டம்:

நான் கிராம சுகாதார செவிலியர். எல்லோரும் மனசைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் உடம்பில் இருந்து வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே கேட்கிறேன். சாயங்காலம் கடைத்தெரு என்று எழுதியிருக்கிறீர்களே, குடிக்கிறீர்களா? வாரத்தில் எத்தனை நாள்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்த நாற்பது வயது ஆண்கள் பலரை வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். காலையில் எழ முடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்பார்கள், அந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் ராத்திரியின் பின்பாதித் தூக்கம் உடைந்து உடைந்து போகும். அப்படிப்பட்டவர் ஐந்து மணிக்கு எழுவேன் என்று சபதம் எடுத்தால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது, பிரஷரும் சுகரும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்ததில் இருந்து வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள், உங்கள் அம்மாவுக்குப் பார்த்திருப்பார்கள், நீங்கள் வயலில் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருப்பீர்கள். ஒரு நாள் வீட்டில் இருங்கள். நடையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்று. வரப்பில் வேகமாக நடந்தாலும் அது கணக்கில் சேரும், மண்வெட்டி பிடித்தாலும் சேரும். பைக்கில் வயல் வரை போய் மேட்டில் நின்று பார்த்துவிட்டு வருவது சேராது.

மூன்றாவது முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனசு இருண்டு கிடந்தால், பிடித்த காரியத்திலும் ருசி இல்லையென்றால், சாப்பாடும் தூக்கமும் மாறிப்போயிருந்தால், அது ஒழுங்குப் பிரச்சினை கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம். ஊரில் பேச்சு வரும் என்று பயப்படுகிறவர்களுக்காகத்தான் சொல்கிறேன், அங்கே பேசினால் ஊருக்குத் தெரியாது.

பேராவூரணித் தென்னை:

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள், எனக்கு ஒரு விஷயத்தில் ஒப்பவில்லை. தேர்ந்தெடுத்து வாழ்வது என்பது தேர்ந்தெடுக்க ஏதாவது கையில் இருப்பவர்களுக்கு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் போன பிறகு எங்கள் தோப்பில் நான் என்ன தேர்ந்தெடுப்பது? 160 மரத்தில் நின்றது 19. அப்பா வைத்தது, நான் தூக்கி வளர்த்தது மாதிரி ஒவ்வொன்றும் தெரியும். பிள்ளையின் காலேஜ் பீஸ் அந்தக் காயில் இருந்துதான் வரும்.

அடுத்த வருடம் கன்று வைத்தோம். நெட்டைக் கன்று, காய்க்க ஆறு ஏழு வருடம். அதுவரைக்கும் ஊடே வாழை. எனக்குத் தோப்புக்குள் போகவே பிடிக்காது, வெட்டவெளியாகக் கிடக்கும், நெஞ்சை அடைக்கும். என் மனைவிதான் சாயங்காலம் சூரியன் இறங்கும் முன்பு என் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போவாள். ஆளுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு கன்றின் பாத்தியிலும் தண்ணீர் நின்றதா, வண்டு இறங்கியிருக்கிறதா, குருத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். முதல் ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். அப்புறம் இவள் அந்தப் பக்கத்து வரிசையில் இருந்து ஏதாவது சொல்லுவாள், நான் இங்கிருந்து பதில் சொல்லுவேன். இப்போது நாங்கள் பேசுவதே அந்த நேரத்தில்தான். சில மரங்களில் இந்த வருடம் பாளை விட்டிருக்கிறது. நல்வாழ்வு, திட்டம் எதுவும் எனக்குத் தெரியாது, அந்த முக்கால் மணி நேரம் இல்லையென்றால் நான் இன்றைக்கு இருந்திருக்க மாட்டேன் என்று மட்டும் தெரியும்.

லஸ்கர் மகள்:

அண்ணா, உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. முறை வைப்பதே தண்ணீர் இல்லாத வருடத்தில்தான். ஆறு நிறையப் போகும்போது லஸ்கரை யார் தேடுகிறார்கள்? உங்களிடம் மிச்சம் இருந்த முக்கால் மணி நேரத்தை அண்ணி எங்கே திருப்பிவிட்டார்கள் பாருங்கள். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பாமணிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு மன்னியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆரம்பிக்கக் கூடாது என்று இருந்தேன்.

முதலில் செவிலியர் அம்மாவுக்கு. வாரம் மூன்று நாள், சில வாரம் நாலு. என் மனைவிக்கும் தெரியும் என்றாலும் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. உங்கள் பதிவைப் படித்த அன்றைக்கு அவளிடம் போனைக் கொடுத்து இதைப் படி என்றேன். அவள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போது கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறேன். நடுவில் இரண்டு முறை போய்விட்டேன், மறைக்கவில்லை. பிரஷர் பார்த்தேன், 150-க்கு 96 இருந்தது, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

லஸ்கர் மகள் சொன்ன மாதிரி தாளில் வரைந்து பார்த்தேன். என் மேல்மடையில் இருந்தது கடைத்தெருவும் போனும்தான், வயலோ கடையோ இல்லை. இத்தனை நாளாக வேலை என்னை விழுங்குகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைமடையில் பெரியவன். அதனால் ஒன்றே ஒன்று முடிவு செய்தேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவன் பள்ளிக்கூடப் பையைத் திண்ணையில் போட்டதும் துண்டை எடுத்துக்கொண்டு ஆறு. ஐந்து மணி எழுச்சி, டைரி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். டீச்சர் அம்மா, இப்போது நான் வரவில்லை என்றால் தேட ஆள் இருக்கிறது, நான் கடையில் இருந்து கிளம்பத் தாமதமானால் அவன் அம்மா போனில் இருந்து கூப்பிடுகிறான்.

இந்த 2025-இல் மேட்டூர் அணையை ஜூன் 12-க்கே திறந்தார்கள், போன வருடம் போல ஜூலை 28 வரை காக்க வைக்கவில்லை. மூன்று நாளில் கல்லணை, அங்கிருந்து எங்கள் பாமணி ஆற்றுக்கு வந்து சேரும் வரை பையன் தினமும் போய்ப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தான். தண்ணீர் வந்த அன்று முதலில் சருகும் நுரையுமாக ஒரு முழ அகலத்துக்கு ஊர்ந்துகொண்டு வந்ததே, அதன் கூடவே கரையில் நடந்தோம், இரண்டு பேரும்.

லஸ்கர் மகள்:

ரொம்ப சந்தோஷம் அண்ணா. ஒன்று மட்டும், ரெகுலேட்டருக்குக் கீழே ஷட்டர் பக்கம் இறக்காதீர்கள், மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். அப்பா எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறார். படித்துறையிலேயே பழக்குங்கள். தூர்வாரின ஆற்றில் போன வருடம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வருடம் ஆளை முழுங்கும், தினமும் நீங்கள் முதலில் இறங்கிப் பாருங்கள்.

பாமணிக்கரை:

படித்துறைதான் அம்மா. நான் நாலாவது படியில் இடுப்பளவில் நிற்கிறேன், அவன் இரண்டாவது படியில் இருந்து என் கைக்கு வர வேண்டும். முதல் வாரம் என் கழுத்தை விடவே இல்லை, நகம் பதிந்தது. ஆடிப்பெருக்கு அன்று அம்மாவும் காப்பரிசி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மேல் படியில் உட்கார்ந்து, இதே படியில்தான் உங்கள் அப்பனை உங்கள் தாத்தா இடுப்பில் வாழைத்தண்டைக் கட்டித் தள்ளிவிட்டார், கத்தின கத்தலில் ஊரே வந்தது என்று பையனிடம் சொன்னார். எனக்கே இது தெரியாது. அவன் சிரித்துவிட்டுக் கையை விட்டான், மூன்று அடி வந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடியும் படிக்குப் போய் நின்றான்.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு விதை கேட்டு வைத்திருக்கிறேன், ஒரு மாவுக்கு மட்டும். அது இந்த வருடம் நடக்குமா தெரியவில்லை. சின்னவனும் துண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், கிளம்புகிறேன்.